ஒற்றைக் கொம்பு ரேசர்

அன்பு மகளுக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனா மூடியைத் திறந்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சிரித்தாலும் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் சிரி. அம்மாவின் முத்துமுத்தான கையெழுத்தைப் படித்துப் பழகியவள் நீ, என் எழுத்தோ கோடு போட்ட தாளிலேயே மேடேறிப் பள்ளம் இறங்குகிறது, அதற்கு மன்னித்துக்கொள். காலையில் எழுத உட்கார்ந்தேன், இப்போது வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டில் கால்வரை வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அம்மா எழுதி முடிக்கும்போது "நானும் கேட்டதா எழுது" என்று சொல்வதோடு என் வேலை முடிந்தது. "போன்ல பேசறது காத்தோட போயிடுதுப்பா, நீங்க எழுதின ஒரு கடுதாசி எனக்கு வேணும்" என்று நீ ஒற்றைக்காலில் நின்றதால்தான் எழுதப் படிக்கப் பழக மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அப்பா மகளுக்கு நன்றி சொல்லலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். "தாராளமா சொல்லலாம் ஐயா, ஆனா ரெண்டு சுழி ன, பெரிய றி, பார்த்து எழுதுங்க" என்றார். பார்த்தே எழுதுகிறேன். நன்றி.

அம்மாவின் கண் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் சிகிச்சை கடினமாகிவிடும் என்று கண் டாக்டர் சொல்லியும் அவள் பிடிகொடுக்கவில்லை. மழை நிற்கட்டும் என்றாள், நின்றது. பக்கத்து வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்றாள், அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளையே வந்துவிட்டது. சாக்குகள் எல்லாம் தீர்ந்தபின் கடைசியாகக் கையில் எடுத்தது என் முகத்தை. பட்டறையில் பலகை சரிந்து என் மணிக்கட்டு முறிந்தபோது எனக்குச் சவரம் செய்ய ஆரம்பித்தவள் அவள், எலும்பு கூடி வெகுகாலமாகியும் அந்த வழக்கத்துக்கு மட்டும் கட்டு அவிழவே இல்லை. சமையலறை முக்காலியில் என்னை உட்காரவைத்து, மோவாயை ஜன்னல் பக்கம் திருப்பி, "பேசாதீங்க, பேசினா வெட்டிடும்" என்பாள். நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்பதால் அவளுக்கும் அதில் ஒரு சந்தோஷம். ஆபரேஷன் ஆனபின் சில வாரத்துக்குக் குனியக் கூடாது, சோப்பு நுரை கண்ணருகே வரக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். "நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்துட்டா உங்க மூஞ்சியை யாரு பாப்பாங்க, காடு மண்டிப்போய்த் திரிவீங்க" என்றாள். சலூனுக்குப் போகிறேன் என்றால், "ஊர்க்கத்தி உங்க கழுத்துல படவேண்டாம்" என்றாள். உண்மைக் காரணம் பயம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சாக்கு என்பது ஆணி மாதிரி, அதைப் பிடுங்காமல் பலகை கழலாது. எனக்கு நானே சவரம் செய்யப் பழகிவிட்டால் அவளிடம் வேறு சாக்கு இருக்காது என்று முடிவு கட்டினேன்.

அவள் எனக்குச் சவரம் செய்யும் பிளாஸ்டிக் ரேசரை எடுத்து ஒருநாள் திருட்டுத்தனமாக முயன்று பார்த்தேன். வளர்ந்த தாடியில் சிக்கி முடியை வேரோடு பிடுங்குகிற மாதிரி இழுத்தது. கீழ்வீட்டு டிரைவர் தம்பியை உனக்கு நினைவிருக்கும், முதல் பஸ்ஸை எடுக்கப் போகிறவர், என்றைக்கும் பளபளவென்ற முகத்தோடுதான் படியிறங்குவார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "இந்த வயசுல புது மாப்பிள்ளை ஆகப் போறீங்களா மாமா" என்று முதலில் ஒரு பாட்டம் சிரித்துவிட்டு, பிறகு தன் ரேசரைக் கழற்றிக் காட்டினார். மேலே ஒரு மூடி, கீழே சீப்புப் பல் மாதிரி ஒரு தட்டு, நடுவில் ஒரே ஒரு பிளேடு, அப்புறம் பிடி, அவ்வளவுதான். "பிளேடு எவ்வளவு வெளிய எட்டிப் பாக்குதுன்னு பாருங்க மாமா. ஜாஸ்தி எட்டிப் பாத்தா கடிக்கும், லேசா எட்டிப் பாத்தா தடவிக் கொடுக்கும். புதுசா பழகறவங்களுக்குத் தடவறதுதான் நல்லது" என்றார். அட, இது நம் இழைப்புளி அல்லவா! கதவு இழைக்கும்போது உளி அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் மரத்தைப் பிய்க்கும், மயிரிழை நீட்டியிருந்தால் காகிதம் மாதிரி சீவல் வரும். ஆயுள் முழுக்கப் பட்டறையில் செய்ததைத்தான் இனி முகத்தில் செய்யப் போகிறேன் என்று எனக்கு ஒரே உற்சாகம். விலை உயர்ந்ததாகப் பார்த்து வாங்கட்டுமா என்றேன். "பிடி தங்கத்துல இருந்தாலும் வெட்டறது பிளேடுதான் மாமா. இருக்கறதுலயே கம்மி வெலையா வாங்குங்க, பெட்டி மேல மென்மைன்னு போட்டிருக்கும், அது ஒண்ணை மட்டும் பாத்துக்குங்க" என்றார்.

மருந்துக்கடையில் கண்ணாடிக்குள் இரண்டு பெட்டிகள், ஒரே பச்சை நிறம், ஒரே படம், எழுத்து மட்டும்தான் வேறு. கடைக்காரர் படித்துச் சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என் வாழ்நாளில் கடையில் நின்று ஒரு பெட்டியை நானே படித்தது அன்றுதான், அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பேனா. விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். முன்னால் கொம்பு, அப்புறம் ம, ன் மேலே புள்ளி, கடைசியில் மை. மென்மை! "இதுதானா பெரியவரே, நல்லாப் பாத்தீங்களா" என்று கேட்டார். "ஏன், எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு நெனச்சீங்களா" என்று கேட்டுவிட்டு, பிளேடு, சோப்பு, ஒரு பிரஷ் எல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டு, எதற்கு என்ன விலை என்றுகூடக் கேட்காமல் ராஜா மாதிரி வெளியே வந்தேன்.

அம்மா துணி உலர்த்த மாடிக்குப் போன நேரத்தில் குளியலறைக்குள் புகுந்தேன். வெந்நீரில் முகம் நனைத்து, நுரை குழைத்து, டிரைவர் தம்பி சொன்ன மாதிரி அழுத்தாமல், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் இடது தாடையில் சுரீர் என்றது. நுரையெல்லாம் சிவந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் உன் அம்மா துண்டோடு ஓடிவந்தாள். வந்தவள் என்னைப் பிடித்துக்கொண்டு வலது கன்னத்தைத் துடைதுடை என்று துடைக்கிறாள். ரத்தம் இந்தப் பக்கம், துண்டு அந்தப் பக்கம். எனக்கு வலி மறந்தே போய்விட்டது மகளே. அவள் கையைப் பிடித்து இடப்பக்கம் கொண்டுவந்து வைத்தேன். துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "தாடையில வைக்கிற பிளேடே இந்தப் பாடு படுத்துது, என் கண்ணுல வைக்கப் போறாங்களே, யோசிச்சுப் பாத்தீங்களா" என்றாள். இத்தனை மாதத்தில் பயம் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். அவளுடைய ஆணியைப் பிடுங்கப் போய் இன்னும் ஆழமாக அடித்துவிட்டேனே என்று மனசு கிடந்து தவித்தது.

சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கொண்டு டிரைவர் தம்பியிடம் போய், தடவிக் கொடுக்கும் என்றீரே, இப்படிக் கடித்துவிட்டதே என்று சண்டைக்கு நின்றேன். அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், என் தாடையைப் பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாமா, இது மென்மை இல்ல, மேன்மை! அடர்ந்த முரட்டுத் தாடிக்குன்னு கீழயே பொடி எழுத்துல போட்டிருக்கான். கொம்பைப் பாருங்க, ரெட்டைக் கொம்பு" என்றார். பார்த்தேன். ஆமாம், மேலே இன்னொரு சுழி இருக்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசத்தை டீச்சர் எத்தனை தடவை சொல்லியிருப்பார், பலகையில் தெரிந்தது பெட்டியில் தெரியவில்லை. "ஒத்தைக் கொம்பு மாடு சாது, ரெட்டைக் கொம்பு முட்டத்தானே செய்யும்" என்று அவர் சொல்ல, எனக்கும் சிரிப்பு வந்து காயம் இழுத்தது. தொட்ட பொருளைக் கடையில் திருப்பித் தர முடியாதே என்றேன். "என் தாடி கம்பி மாமா, அது எனக்கு ஆகும்" என்று அதைத் தான் வைத்துக்கொண்டு, மறுநாள் டிப்போவிலிருந்து வரும்போதே ஒற்றைக் கொம்பு ரேசரை வாங்கிவந்து கையில் கொடுத்தார். மென்மைக்கு விலை குறைவு, மேன்மைக்கு அதிகம், உலகத்தில் எல்லாமே அப்படித்தான் போலிருக்கிறது. அவர் நன்றாக இருக்க வேண்டும். நீ வரும்போது அவர் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிவா.

காயம் ஆறும்வரை கை வைக்கவில்லை. அப்புறம் ஒருநாள் திருட்டுத்தனமெல்லாம் வேண்டாம் என்று அம்மாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் முக்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தேன். கண்ணாடியை ஜன்னல் கம்பியில் மாட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "வேணாங்க, சொன்னாக் கேளுங்க" என்றாள். "பேசாதே, பேசினா வெட்டிடும்" என்றேன். இந்த ரேசர் அத்தனை சாது மகளே. பாரத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது, நாம் பிடித்துக்கொண்டு கூடவே போனால் போதும். கன்னம் முடிந்து, மோவாய் முடிந்து, கழுத்துக்கு வந்தபோது மோவாயை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன், அங்கேயும் ஒரு கீறல் இல்லை. முகம் கழுவிக்கொண்டு அவள் முன்னால் குனிந்தேன். அவள் கண்ணை இடுக்கிப் பார்க்கவில்லை, இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். காது மடலுக்குக் கீழே விரல் நின்றது. "இங்க கொஞ்சம் விட்டிருக்கீங்க" என்றாள். அதையும் எடுத்தேன். மறுபடி தடவினாள். காயம் பட்டிருந்த இடத்தில் ரொம்ப நேரம் விரலை வைத்திருந்தாள். "நல்ல கையில பட்டா வலிக்காது போல" என்று தனக்குத்தானே சொன்ன மாதிரி சொன்னாள். அப்புறம், "அந்த டாக்டர் எப்ப வரச் சொன்னாரு, கேட்டு வைங்க" என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் போனைத் தேடிக்கொண்டு வாசல்வரை ஓடிவிட்டேன், போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

வருகிற வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். நீ லீவு போட்டுக்கொண்டு அலைய வேண்டாம், அன்று சாயங்காலம் ஒரு போன் போடு, குரல் கேட்டால் அவளுக்கு அதுவே தெம்பு. நான் கூடவே இருக்கிறேன், டிரைவர் தம்பியும் வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றிருக்கிறார். கண் கட்டை அவிழ்த்ததும் முதலில் என்ன பார்ப்பாய் என்று அவளைக் கேட்டேன். "உங்க மூஞ்சியைத்தான், என் தலையெழுத்து" என்றாள். ஆகையால் வியாழக்கிழமை விடியும் முன்பே எழுந்து நன்றாக ஒருமுறை வழித்துக்கொண்டுதான் கிளம்பப் போகிறேன், தலையெழுத்தாவது பிழையில்லாமல் இருக்கட்டும்.

ஒன்றை மறக்காதே. ஆபரேஷனுக்குப் பின் சில வாரத்துக்கு அவள் கண்ணை வருத்திப் படிக்கக் கூடாது, இனி உன் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எழுத்தைப் பெரிதாக எழுது, கொம்புகளைத் தெளிவாகப் போடு, தப்பாகப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனக்கசப்பு இல்லாமல், நூறு வயது வாழ வேண்டும். அவள் கண்ணுக்கு என் முகம் எப்படித் தெரிந்தது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன், அவள் திட்டியிருந்தால் அதையும் விடாமல் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்துவிட்ட
உன் அப்பா