மேலவையில் ஒரு நாற்காலி

அன்பு மகள் கெர்டாவுக்கு அப்பா எழுதுவது. முழங்கால் வலி ஒன்றைத் தவிர எனக்குக் குறையில்லை, டூசான் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்கவேண்டும். இங்கே ஏப்ரல் பிறந்தும் பனி போனபாடில்லை. வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடும்படி நீயும் உன் தம்பி ரோல்ஃபும் சேர்ந்து எழுதிய கடிதம் ஒரு மாதமாக மேஜையில் கிடக்கிறது. கிழவன் கிடப்பில் போட்டுவிட்டான் என்று ரோல்ஃப் திட்டியிருப்பான். நாற்பது வருஷம் சட்டமன்றக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது கைவந்த கலைதானே.

நேற்று சட்டமன்றத்துக்குப் போயிருந்தேன். எதுவும் மாறவில்லை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்கப் போகவேண்டிய கீழவை கத்துகிறது, நாலு வருஷம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் மேலவை தொண்டையைக் கனைக்கிறது. கீழவையில் நிறைவேறிய மசோதாக்களைத் தூக்கிக்கொண்டு நடுக் கூடத்தைத் தாண்டி மேலவைக்குக் கொண்டுபோவதுதான் அப்போது என் வேலை, வாசற்காவலர் என் பேரைக் கூவியதும் தலைவணங்கிக் கொடுக்கவேண்டும். ஒருநாள் முந்தின நாள் திருத்தங்களைச் சேர்க்காத பழைய பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மேலவைச் செயலாளர் மேஜையிலிருந்த பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, உங்க ஆளுங்க நேத்து பூரா சண்டை போட்டுத் திருத்தினதையெல்லாம் வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா? இன்னும் பதிவேட்டுல ஏத்தல, ஓடிப்போய் மாத்திட்டு வாங்க" என்றாள். ஓடினேன். அந்தப் பெண்தான் உன் அம்மா மாரித்.

நம் வீட்டையும் அவள் அப்படியே நடத்தினாள். நீயும் ரோல்ஃபும் கீழவை, நாங்கள் இருவரும் மேலவை, இரண்டு அவையும் ஒரே வாசகத்துக்குச் சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது. நாய் வளர்க்கும் மசோதா ஞாபகமிருக்கிறதா? நாய் கார் கொட்டகையில்தான் படுக்கவேண்டும் என்று அம்மா திருத்த, "அப்டின்னா எனக்கு நாயே வேணாம்" என்று நீ அழ, கடைசியில், இரண்டு அவையும் ஒத்துப்போகாதபோது கூடிப் பேசித் தீர்க்கும் கூட்டுக் குழுவாக, நீயும் அவளும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் சுட்ட ருபார்ப் பை என்ற புளிப்புப் பலகாரம் முழுவதையும் தின்று தீர்த்தீர்கள். நாய் சமையலறையில் படுத்தது.

இப்போது கீழவை நிறைவேற்றி அனுப்பிவிட்டது, மேலவையில் ஒரு நாற்காலி காலி. எப்போதும் அவள்தான் கடைசியாக "ஆம்" சொல்வாள், அந்தக் குரலுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். அவளில்லாத வீட்டை என்னால் தாங்க முடியவில்லை, அதனால் ஒரே ஓட்டில் நிறைவேற்றிவிட்டேன். ஒரு திருத்தம் மட்டும், சமையலறை மேஜையும் அவள் நாற்காலியும் என்னோடு வரும். பழைய சாமான் எதற்கும் இடமில்லை என்று நீ எழுதியிருந்தாய், தெரியும்.

குழந்தைகளைத் தொப்பியில்லாமல் வெயிலில் விடாதே. உங்கள் எல்லோரையும் ஆண்டவன் காக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, கூட்டுக் குழு தொலைபேசி வழியே கூடிப் பேச முடியாது, முகம் பார்த்து ஒரே மேஜையில் உட்காரவேண்டும். நீ ஒருநாளும் திருத்தத்துக்குச் சம்மதித்தவளில்லை. இதற்கும் சம்மதிக்காதே அம்மா, வீடு கைமாறுவதற்குள் ஒருமுறை வந்து என்னோடு சண்டை போடு.

ருபார்ப் பை சுடக் கற்றுக்கொண்டிருக்கும் உன் அப்பா,
ஹால்வர்