எழுபது அடி கிழக்கே

மார்ச் 4, செவ்வாய்
கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் எடுத்த நில அதிர்வுப் பதிவு முழுவதும் கணினியில் ஏறிவிட்டது. இரும்புத் தட்டில் சம்மட்டியால் அடித்து, எதிரொலி எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்று பதிந்தவை. மென்பொருள் அந்த நேரத்தை ஆழமாக மாற்றிப் பாறையைப் படமாகத் தரும். தண்ணீர் தங்கும் பிளவு தெரிந்தால் அங்கே போர் போடுவார்கள். ஏற்கெனவே மூன்று போர் தண்ணீர் வராமல் வெறும் புழுதியோடு நின்ற ஊர்.

மார்ச் 6
படம் வந்தது. சரிவாக ஒரு பிளவு, தெளிவாக. முதலாளி ஆன்சன் சார், “நல்லா வந்துருக்கு ஹெப்சிபா” என்றார். புள்ளி குறித்து அனுப்பிவிட்டேன். பதினொன்றாம் தேதி துளை போடும் ரிக் வண்டி வரும்.

மார்ச் 8
படத்தில் கண்மாய் ஓரம் பாறை குழிந்து தெரிகிறதே — நிஜமாகவே குழியா?

மார்ச் 9, ஞாயிறு
சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. கண்மாய் ஓரம் இருப்பது வண்டல். வண்டலில் அதிர்வு மெதுவாகப் போகும். நானோ எல்லா இடத்துக்கும் ஒரே வேகம் கொடுத்திருக்கிறேன். தாமதமாக வந்த எதிரொலியை மென்பொருள் ஆழம் என்று எடுத்துக்கொண்டது. வண்டலுக்குத் தனி வேகம் கொடுத்து மறுபடி ஓட்டினேன். குழி இல்லை. பிளவு எழுபது அடி கிழக்கே போய்விட்டது. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

மார்ச் 10
இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு ஆன்சன் சார், “நீயே நேர்ல போய்ச் சொல்லிரு” என்றார். ஊராட்சித் தலைவர் நாகஜோதி அக்கா, அளவெடுத்த அன்று வெயிலில் எங்களோடு ஒயர் இழுத்தவர். “நான் குறிச்ச இடம் தப்புக்கா” என்றேன். அக்கா பழைய சுண்ணாம்புக் குறியைப் பார்த்தார். பிறகு, “முன்னால மூணு பேரு குறிச்சாக. ஒருத்தரும் தப்புன்னு வந்து சொல்லல. வாங்க, சுண்ணாம்ப அழிச்சுட்டு வேற போடுவோம்.”

மார்ச் 11
ரிக் வந்துருச்சு. புதுக் குறி மேல நிறுத்துறாங்க.

மார்ச் 12
நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. நூற்றுத் தொண்ணூறு அடிவரை வெறும் புழுதி. ரிக்காரர் என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். இருநூற்றுப் பத்தில் சத்தம் மாறியது. படம் சொன்னது இருநூற்றைந்து. தண்ணீர் பீறிட்டு அடித்ததும் அக்கா என் கையைப் பிடித்து அந்தத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனார். “எம்புட்டு சில்லுன்னு இருக்கு பாரு புள்ள.”

சொட்டச் சொட்டப் பஸ் ஏறினேன்.
“எங்கம்மா மழ?” என்றார் கண்டக்டர்.
“கொட்டாம்பட்டிலண்ணே.”