மரத்து இலையும் புதர் இலையும்

இன்று காலை புதுச்சத்திரத்தில் ராசிபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வேலியோரம் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை ஒரு ஆடு உரசிக்கொண்டு போனது. கசங்கிய இலையின் காரமான வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் இன்னும் உன்னால் வெயிலில் மலைக்கு அலைகிறேன்.

கல்லூரி நம் இருவருக்கும் கொடுத்த வேலை அப்படியொன்றும் கடினமில்லை. போதமலைச் சரிவில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் மேலே எவ்வளவு இலைப்பரப்பு இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்திலிருந்து மதிப்பிட வேண்டும். இலை சிவப்பொளியை விழுங்கிவிடும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசம்தான் கணக்குக்கு அடிப்படை. அதைச் சரிபார்க்க, சில இடங்களில் மரத்தடியில் நின்று, வானம் முழுதும் விழும்படியான வட்டக் கண்ணாடி போட்ட கேமராவால் மேலே பார்த்துப் படம் எடுக்க வேண்டும். இலைகளுக்கு நடுவே எவ்வளவு வானம் தெரிகிறது என்று பார்த்தால் இலையின் அளவு பிடிபட்டுவிடும். சில நாளில் முடித்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். உன்னோடு போனதில் அது மழைக்காலம் முழுக்க இழுத்தது.

வெயில் பட்டால் படம் கெட்டுவிடும் என்பாய். மேகம் மூடும்வரை உட்கார்ந்திருப்போம். மூடினால் காற்று வரும், இலை ஆடுகிறது என்பாய். "இரு புள்ள, இன்னொருக்கா எடுக்கோணும்." குமாரபாளையத்துத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், உனக்கு மெதுவாகப் பேசவே வராது. நம்மோடு வந்த வனக்காவலர் ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏனுங்க மேடம், மேலயே பாத்துட்டு நின்னா கழுத்து வலிக்காதுங்களா?" வலித்தது. எனக்குத்தான்.

கடைசியில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. செயற்கைக்கோள் சொன்ன இலையில் பாதிகூடக் கேமராவில் இல்லை. அதற்குள் நம் துறைத்தலைவர், காடு நன்றாக அடர்ந்திருக்கிறது என்று பத்திரிகைக்குச் செய்தி எழுதி வைத்துவிட்டார். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய்.

"உன்ற கம்ப்யூட்டர் எந்த இலையப் பாத்துச்சு?"

"இலைன்னா இலைதான். அதுல என்ன எந்த இலை?"

"கேமராவ நெஞ்சு உசரத்துல வச்சு மேல பாத்தோம். அதுக்குக் கீழ இடுப்பு மட்டுக்கும் இருந்ததெல்லாம் உண்ணிச்செடி. நம்ம படத்துல அது வராது. ஆனா வானத்துல இருந்து பாத்தா, மரத்துக்கு நடுவுல அதுவும் பச்சையாத்தான் தெரியும்."

அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வேலை முடியப்போகும் நேரம் பார்த்து உனக்கு ஒரு சந்தேகம். மாசி மாதம் மரங்கள் இலை உதிர்த்தபிறகு மறுபடி போய்ப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்தாய். போனோம். மேலே மொட்டைக் கிளைகள். கீழே சரிவெங்கும் உண்ணிச்செடி பச்சையாகக் கிடந்தது. நீ பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். என்ன என்று கேட்டதற்கு, "போச்சாது உடு, ஏத்தம் சாஸ்தி" என்றாய். உடம்பில் என்ன இருக்கிறது என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. ஒரு இலைக்காக அத்தனை சண்டை போட்டவள், இதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாய். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோதும் அதே பேச்சு. "மரத்தோடதத் தனியாப் போடு, புதரோடதத் தனியாப் போடு. ரெண்டையும் கூட்டிராத." நான் அழுதுகொண்டே சரி என்றேன். "அழுவாம எழுதிக்க," என்றாய். அதற்குப்பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

இரண்டு எண்களையும் தனித்தனியாகத்தான் கொடுத்தேன். "ஒரே எண்ணாக் குடுத்தா என்னம்மா?" என்று துறைத்தலைவர் கேட்டார். முடியாது என்றேன். பத்திரிகைச் செய்தி நின்றது. அறிக்கை வனத்துறைக்குப் போனது. அவர்கள் தென்சரிவில் உண்ணிச்செடியை வெட்டி எடுத்தார்கள். அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

எங்கே முடிந்தது? புதிதாக வந்த செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சரிவின் இலைப்பரப்பு சரிந்துவிட்டது. நேற்று அதே துறைத்தலைவர் கூப்பிட்டார். "காடு அழிஞ்சுபோச்சுன்னு படம் சொல்லுதேம்மா, என்ன பதில் சொல்றது?" முன்பென்றால் மேசையிலிருந்தே ஏதாவது எழுதி அனுப்பியிருப்பேன். இப்போது பார்க்காமல் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. யார் செய்த வேலை இது என்று உனக்கே தெரியும்.

மத்தியானம் அதே வனக்காவலரோடு சரிவில் போய் நின்றேன். மரங்கள் அப்படியே இருக்கின்றன. வெட்டிய இடமெல்லாம் வெளிச்சம். தரையைக் கிளறிப் பார்த்தால் உசிலை மரக் கன்றுகள் சாண் உயரத்துக்கு வந்திருக்கின்றன. அத்தனை சின்ன இலை எந்தப் படத்திலும் தெரியப்போவதில்லை. நடுநடுவே வெட்டிய தூரிலிருந்து உண்ணிச்செடி மறுபடி துளிர்த்திருந்தது. உட்கார்ந்து கைக்கெட்டியதைப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டே உன்னைச் சத்தமாகத் திட்டினேன் போலிருக்கிறது. வனக்காவலர் அருகில் வந்து, "யாரைங்க மேடம் திட்டறீங்க?" என்றார்.

"கூட வேலை செஞ்சவளைத்தானுங்க," என்றேன். அவரும் பக்கத்துத் தூரைப் பிடுங்க ஆரம்பித்தார்.

நாளை துறைத்தலைவருக்குப் பதில் எழுத வேண்டும். மரம் குறையவில்லை, புதர்தான் குறைந்திருக்கிறது என்று மறுபடி இரண்டு எண்களாகவே கொடுப்பேன். அவர் ஒரே எண் போதும் என்பார். அந்தப் பிடிவாதம் உன்னோடு போய்விட்டது என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார்.