முப்பது கிலோ

செப்டம்பர் 6, சனி

பீரோவில் துணி அடுக்கும்போது போன வருஷத்து மார்க் ஷீட் கையில் அகப்பட்டது. எட்டாம் கிரேடு பியானோ, ஃபெயில். இரண்டு மார்க் குறைவு. ரெண்டே ரெண்டு மார்க்! பீரோக் கதவை அறைந்த அறையில் ஹலீமா மாமி அடுப்படியிலிருந்து “என்ன உடைஞ்சிச்சு?” என்றார். என் மாமியாருக்கு முட்டி வலிக்கும், இடுப்பு வலிக்கும். காதுக்கு மட்டும் ஒரு குறையும் கிடையாது.

திருச்சியில் பரீட்சைக்கு இருந்தது நிஜப் பியானோ. எங்கள் வீட்டில் இருப்பது ஊதினாலே கத்துகிற கீபோர்டு. அந்தப் பழக்கத்தில், மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் மெதுவாகத் தொட்டேன். கட்டை பாதி இறங்கி நின்றுவிட்டது. வரிசையாக நாலு சுரம் ஊமை. பரீட்சை நடத்திய அம்மாள் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார்.

டிசம்பர் 2 மறுபடி பரீட்சை. பாஸ் பண்ணினால் மன்னார்குடியில் பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சர் வேலை எனக்கு. இல்லாவிட்டால் ஜனவரியில் வேறு ஆள் போடுவார்களாம். கனமான கட்டை வைத்த பியானோ வந்தே ஆக வேண்டும்.

செப்டம்பர் 13

தஞ்சாவூர் கடைக்கு சித்தீக் நானாவோடு போனேன். கடைக்காரர் பேசியதெல்லாம் நானாவிடம். “சார், இதுல அறுநூறு டோன் இருக்கு சார். டிரம் பீட் கேக்குறீங்களா சார்?” முத்துப்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்குப் பியானோவும் ஒன்றுதான், பிரஷர் குக்கரும் ஒன்றுதான். “வாசிக்கப் போறது நான்” என்றேன். “சரிங்க மேடம்” என்றவர், திரும்பி, “சார், இஎம்ஐ-யும் இருக்கு” என்கிறார்!

“ஸ்விட்ச்ச அணைங்க.”

“அணைச்சா எப்படி மேடம் கேக்கும்?”

“கேக்க வேணாம். விரல் வச்சுப் பாக்கணும்.”

முதலாவது தொளதொள. இரண்டாவதில் கனம் இருக்கிறது, ஆனால் கட்டை எழும்பி வர சோம்பல். ஒரே கட்டையை வேகமாகத் தட்டினால் பாதியை விழுங்கிவிடுகிறது. மூன்றாவது மூலையில் தூசியோடு கிடந்தது, கறுப்பு, ஒரு அலங்காரமும் இல்லை. இடது பக்கம் நல்ல கனம், வலது பக்கம் போகப் போக லேசு. பாதி எழும்பும்போதே மறுபடி அமுக்கினாலும் பதில் சொல்கிறது. ஸ்விட்ச்சைப் போட்டு அடிக்கட்டையை அமுக்கிப் பிடித்து எண்ணினேன். இருபத்திரண்டு எண்ணும்வரை சத்தம் நீடித்தது. இரண்டாவதில் ஒன்பதிலேயே போய்விட்டது.

பிறகு அந்த நாலு சுரம். இரண்டு வந்தது, இரண்டு ஊமை. நானா “இது ரிப்பேரு போல” என்றார். இல்லை. என் தப்பை எனக்குக் காட்டுகிற பியானோ அது. அதுதான் வேண்டும்.

இது காட்டுவதற்கு மட்டும்தானாம்; இங்கே புதிதாக ஆர்டர் போட்டால் இரண்டு மாதம் ஆகுமாம். ஷார்ஜாவில் கையோடு கிடைக்கும். கடையில் நின்றபடியே அங்கே வேலை பார்க்கிற என் வீட்டுக்காரருக்கு, மச்சானுக்கு, போட்டோ, மாடல் நம்பர், எல்லாம் அனுப்பினேன். கட்டை கனமா இருக்கணும் மச்சான் என்று மூன்று வாய்ஸ் நோட். “சரி புள்ள, நான் பாத்துக்கிறேன்.”

அக்டோபர் 4

பார்த்துக்கொண்டார்!

கார்கோ பெட்டி வந்தது. மாமிக்குப் போர்வை, பால்பவுடர், தைலம், நடுவில் பியானோ. நானா அதை ஒரு கையால் தூக்கினார். பிளக்கைக்கூட மாட்டாமல் அமுக்கினேன். தொப்பென்று விழுகிறது கட்டை. பழைய கீபோர்டேதான், கொஞ்சம் நீளம்.

போன் போட்டேன். நான் சொன்ன மாடல் எங்கே?

“அது இருபத்திரண்டு கிலோ புள்ள. கார்கோக்காரன் கிலோவுக்கு இவ்வளவுன்னு வாங்குறான். இது ஏழு கிலோதான். கட்டை எண்பத்தெட்டும் இருக்கில்ல? எண்ணிப் பாத்துத்தான் வாங்குனேன்.”

எண்ணிப் பார்த்தாராம்! எண்பத்தெட்டையும் எண்ணின மகராசன் ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்திருக்கக் கூடாதா? யா அல்லாஹ், அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. கையும் எட்டாது.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். மாமி வந்து, “புள்ள ஆசையா வாங்கி அனுப்பிருக்கான். நல்லதா ரெண்டு வார்த்த சொன்னா என்ன?” என்றார்.

“ஆசப்பட்டது நான் மாமி! நாலு சுரம். அந்த நாலு சுரம் கேக்காமப் போய்த்தான் ஃபெயிலானேன். இதுல பழகுனா திரும்பியும் அதே நாலுதான் போவும்!”

மாமி போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 5

பதினொரு மிஸ்டு கால். எடுக்கவில்லை.

அக்டோபர் 8

கல்யாணமாகி ஆறு வருஷம். ஃபிரிட்ஜ் அவர் பார்த்தது, திரைச்சீலை அவர் பார்த்தது. இந்த வீட்டில் நான் கைகாட்டி வந்த பொருள் ஒன்று உண்டா? போன முறை கொண்டு வந்த செருப்பு ஒரு சைஸ் பெரிது. என்ன செய்தேன்? முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு “நல்லாருக்கு மச்சான்” என்றேன். அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, என் தப்பும் இருக்கிறது. இருக்கட்டும். அதற்காகக் கோபத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது.

அக்டோபர் 10

மச்சான் நானாவின் போனுக்கு அழைத்து என்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வாங்கி, மூச்சுவிடாமல் சொன்னேன்: “கடைக்குப் போங்க. ஸ்விட்ச்ச அணைக்கச் சொல்லுங்க. நீங்க வாங்குனதையும் நான் சொன்னதையும் அமுக்கிப் பாருங்க. அதுக்கப்புறம் பேசுங்க.” வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12

வாய்ஸ் நோட். முதலில் டொக், டொக் என்று கட்டைச் சத்தம். பிறகு அவர்: “விரலு வலிக்குது புள்ள. இதுலயா வாசிக்கப் போற?”

“ஆமா” என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

நவம்பர் 15

மச்சான் லீவில் வந்துவிட்டார். காலையிலிருந்து சொந்தக்காரர்கள் நடுவீட்டில் காத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து சபுராளி வந்தால் பெட்டி பிரிப்பதுதானே பெருநாள்? வேனிலிருந்து இறங்கியது ஒரே ஒரு நீளப் பெட்டி. மச்சானும் நானாவும் ஆளுக்கொரு முனை பிடித்து முக்கி முக்கி ஏற்றினார்கள்.

“மத்த பெட்டியெல்லாம்?” என்றார் மாமி.

“முப்பது கிலோதான் உம்மா விடுறான். அட்டைப்பெட்டியோட சேத்து இதுவே இருபத்தெட்டு.”

“மிச்சம் ரெண்டு கிலோ?”

“காலால அமுக்குற பெடல்.”

ஒரு தைல டப்பா இல்லை. ஒரு சோப்பு இல்லை. சித்தி முறையான சாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டினார். நானாவே, “ஒரு சென்ட்டு பாட்டில் கூடவா மச்சான்?” என்று கேட்டுவிட்டார். மாமி மகனுக்குச் சோற்றைப் போட்டு, கரண்டியை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனார். மச்சான் தலை குனிந்துகொண்டு சாப்பிட்டார். இன்று இந்த வீட்டில் கோபமில்லாதவள் நான் ஒருத்திதான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பெட்டியைப் பிரித்தோம். கறுப்பு, அலங்காரமில்லாதது, அதே மாடல். மச்சான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த நாலு சுரமுள்ள வரியை வாசித்தேன், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

“மாஷா அல்லாஹ், நாலும் வந்துருச்சு” என்றார் மச்சான்.

அடுப்படியிலிருந்து மாமியின் குரல், கோபம் மாறாமல்: “மூணுதான் கேட்டுச்சு.”

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. மறுபடி வாசித்தேன்.