முழங்கால் ஓரம்

ஜூன் 9, செவ்வாய்

இன்றைய பேஸ்பால் ஆட்டத்திலும், என் முன்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர் க்ரெப்ஸ் அதையே செய்தான். மட்டைக்காரனின் முழங்காலுக்குக் கீழே வந்த பந்து; அதற்கு மேலே வந்தால்தான் ஸ்ட்ரைக், வீசியவனுக்குச் சாதகம். ஸ்ட்ரைக் இல்லை என்றேன். பிடித்த இடத்திலேயே கையுறையை அசையாமல் நிறுத்தி வைத்தான். கேட்சர் அப்படி நிறுத்துவது எனக்காக அல்ல, என் தீர்ப்பு தப்பு என்று அரங்கத்துக்குக் காட்ட. தலையைத் திருப்பாமல் முன்னே பார்த்தபடி எதை வேண்டுமானாலும் கேட்கட்டும், பதில் சொல்வேன். இது வேறு. உடனே மேலிருந்து ஒரு குரல்: “அம்பயர், நாளைக்கு உன் வீட்டு நாயக் கூட்டிட்டு வாய்யா, அது நல்லாப் பாக்கும்.”

இனி அவன் அணியில் பந்து வீசும் பிட்சருக்கு முழங்கால் ஓரம் கிடையாது; அதை ஒட்டி வரும் எதுவும் ஸ்ட்ரைக் இல்லை.

ஜூன் 10

தரவில்லை. நல்ல பந்துகளையும் தரவில்லை.

“சார், நேத்து இருந்த முழங்கால் இன்னிக்கு எங்க போச்சு?” என்றான் க்ரெப்ஸ், முன்னே பார்த்தபடி.

“உன் கையுறையக் கேளு.”

திருப்தியாக இருந்தது. ஏன் இருக்கக் கூடாது?

ஜூன் 11

சனிக்கிழமை மேற்பார்வைக்கு ப்ரோஹாஸ்கா வருகிறானாம். என்னோடு ஒரே காரில் அயோவா முழுக்கச் சுற்றிய அம்பயர். என் குறைகளை மேலிடத்தில் சொல்லியே மேலே போனவன். இப்போது அவன் வாய் திறந்தால்தான் இந்தச் சின்ன லீக்கிலிருந்து எனக்கு மேல் லீக்குக்கு உயர்வு. நாற்பத்தெட்டு வயது, இதை விட்டால் இல்லை. வரலாற்றில் முதுகலை படித்த எனக்கு அவன் மதிப்பெண் போடுவான். தூ.

ஜூன் 13, சனி

முழங்கால் ஓரத்தைத் திருப்பித் தந்தேன். ப்ரோஹாஸ்கா பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறானே.

நான்காம் இன்னிங்ஸில் மட்டையில் பட்டுத் தெறித்த பந்து என் தொண்டையில் அடித்தது. மூச்சு நின்றுவிட்டது. குனிந்தால் போதும், கிழவன் என்று ப்ரோஹாஸ்கா எழுதிவிடுவான். க்ரெப்ஸ் எழுந்து பிட்சரிடம் நடந்தான் — ஆடி அசைந்து, பேச ஒன்றும் இல்லாமல். அங்கே நின்று காலணி நாடாவை வேறு அவிழ்த்துக் கட்டினான். கேட்சருக்கு அடிபட்டால், மட்டைக்காரன் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த தட்டை அம்பயர் துடைத்து நேரம் கொடுப்பான். அம்பயருக்கு அடிபட்டால் கேட்சர் நடப்பான். வழக்கம்தான். ஆனால் இவனா? எனக்கா?

திரும்பி வந்து குந்தினான். “மூச்சு வந்திருச்சா? பின்னால இருக்கற ஆளு உங்களையேதான் பாக்குறாரு.”

ஆத்திரம்தான் வந்தது. இவனை யார் கேட்டது?

ஒன்பதாம் இன்னிங்ஸ். கடைசிப் பந்து ஸ்ட்ரைக் என்றால் க்ரெப்ஸ் அணிக்கு வெற்றி. இல்லையென்றால் எதிரணிக்குச் சும்மா ஒரு ஓட்டம், ஆட்டம் சமம். பந்து தாழ்ந்து வந்தது. க்ரெப்ஸ் பிடித்துக்கொண்டே நைசாக மேலே இழுத்தான். கொடுத்திருக்கலாம். நான்காம் இன்னிங்ஸுக்காகவாவது — இல்லை, பந்து கீழே. ஸ்ட்ரைக் இல்லை என்றேன். அரங்கமே ஊளையிட்டது.

கையுறையை நிறுத்தவில்லை அவன். உடனே பந்தை எறிந்துவிட்டான்.

“கீழயா?”

“ஒரு பந்து அளவு கீழ.”

“ம்.”

பத்தாவதில் தோற்றார்கள்.

உடை மாற்றும் அறையில் ப்ரோஹாஸ்கா: “கடைசிப் பந்து சரிதான், வெர்ன். ஆனா அந்தப் பையன் நடந்ததாலதான் நீ நின்ன. மேல உனக்காக யாரும் நடக்க மாட்டாங்கப்பா.”

ஜூன் 14

மேல் லீக் இல்லை. நாசமாப் போகட்டும் அவன்.

ஜூன் 16, செவ்வாய்

க்ரெப்ஸின் கையுறை போடாத கைவிரல்களில் பந்து பட்டது. சத்தமே போடவில்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தி, தட்டின் முன்னால் போய், பிட்சருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். தட்டில் தூசியே இல்லை. இடது ஓரம், வலது ஓரம், மறுபடியும் இடது.

“அம்பயர், வீட்ல பாத்திரம் தேய்க்கறதும் நீதானா?” என்று மேலிருந்து அதே குரல்.

இன்னும் மெதுவாகத் துடைத்தேன்.