காய்ச்சலோடு போன துக்க வீடு

3.11 திங்கள்
விடிந்ததிலிருந்து நசநச மழை. தெற்குத் தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல், கீழத் தெருவில் இரண்டு. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "மழையில நனைஞ்சதுங்க." வீட்டை விட்டே வெளியில் வராத கைக்குழந்தைக்கும் அதேதான்.

வயலில் களை எடுக்கிற பெண்கள் பதினாலு பேர், தண்ணீருக்கு ஒரே சொம்பு. இருமுகிறவளும் அதே சொம்பு. கேட்டால், "அண்ணாந்துதான் குடிக்கிறோம் நர்சம்மா." கத்திவிட்டு வந்தேன். எனக்குத்தான் தொண்டை வறண்டது.

கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ ஊசி புதன்கிழமை. என் பட்டியலில் ஏழு பேர். ஆறு பேர் சரி என்றுவிட்டார்கள். ஏழாவது என் அக்கா மருமகள் சுகன்யா. ஆறாம் மாசம். சின்ன வயதிலிருந்தே வீசிங். முதலில் போட வேண்டியதே அவளுக்குத்தான்.

அக்கா வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். போனேன்.

"போன மாசம் நீ போட்ட ஊசிக்கே ரெண்டு நாள் கை தூக்க முடியாம கெடந்தா. இன்னொண்ணா? வேணாம்டி."

"அது வேற, இது வேறக்கா. இந்தக் காய்ச்சல் வந்தா அவளுக்கு மூச்சு தாங்காது."

"வாயக் கழுவு. சோறு தின்னுட்டுப் போ."

தின்றேன். வத்தக்குழம்பு, அப்பளம். அத்தான் உரச்சாக்கை மடித்துக்கொண்டே சிரித்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் வரலம்மா."

5.11 புதன்
ஆறு பேரும் வந்து போட்டுக்கொண்டார்கள். சுகன்யா வரவில்லை.

டாக்டரம்மா: "சிஸ்டர், நீங்க எப்பத்தான் போட்டுக்குவீங்க?" ஊழியர்களுக்கான ஊசி போன மாசமே வந்துவிட்டது. கை வலித்தால் ஸ்கூட்டி ஓட்ட முடியாது என்று முதல் புதன் தள்ளினேன். பதிவேடு பாக்கி என்று இரண்டாவது. இன்றைக்கு என்ன சொன்னேன் என்றுகூட ஞாபகமில்லை.

வாங்க வேண்டியது: உளுந்து, தைலம், இவருக்குக் குடை.

8.11 சனி
நேற்று சாயங்காலம் தொண்டை வலி. இன்று 102. உடம்பை அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு ஃப்ளூதான் என்றார். மாத்திரை ஐந்து நாள், தனியாக இருங்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள் பக்கம் போகாதீர்கள். நான் ஊருக்குச் சொல்கிற வசனத்தை எனக்கே ஒப்பித்தார். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருக்கிறது.

வாசலில் யாரோ: "நர்சம்மாவுக்கே காய்ச்சலாம்ல." சிரிப்பு.

9.11 ஞாயிறு
ஆறு மணிக்கு அக்கா மகன் குமார் போன். "சித்தி, அப்பா போயிட்டாரு." மாரடைப்பு. மாட்டுக்கு வைக்கோல் போடப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார்.

அத்தான். திங்கட்கிழமை சிரித்தாரே.

அப்பா அம்மா இல்லை. அண்ணன் மலேசியாவில், வர முடியாது. அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. போனால் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். அதே கையோடு உள்ளே போய் சுகன்யாவைப் பிடிப்பாள்.

இவர்: "போகாத. நான் கோடிப் புடவை எடுத்துட்டுப் போறேன்."
நான்: "என் அக்கா தாலி அறுக்கறா. நான் இங்க கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கவா?"

போனேன். ரெண்டு மாஸ்க். பந்தலுக்குள் போகவில்லை. தெருவில், எதிர்வீட்டு வேலி ஓரமாக நின்றேன். பறைச் சத்தத்தில் தலை வெடித்தது.

உள்ளே பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு அழுகிறார்கள். அதில் இரண்டு பேர் இருமுவது எனக்குத் தெரிகிறது. அவர்களிடம் என்ன சொல்ல முடியும்?

நான் வந்து நிற்பதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஐஸ் பெட்டி பக்கத்திலிருந்து அக்கா எழுந்தாள். தலைவிரி கோலமாக ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு வாசலைத் தாண்டி வந்தாள். "வந்துட்டியாடி... என்னப் பாருடி..."

நான் பின்னால் போனேன். ரெண்டடி.

"அக்கா, கிட்ட வராத. எனக்குக் காய்ச்சல். உள்ள சுகன்யா இருக்கா."

பறைகூட நின்ற மாதிரி இருந்தது. அக்கா கை அப்படியே இறங்கியது.

"என் புருஷன் செத்துக் கெடக்காரு. நீ காய்ச்சலப் பத்திப் பேசற."

திரும்பிப் போய்விட்டாள். பின்னால் ஒரு கிழவர்: "பொணத்துக்கே மாஸ்க் போட்டு வந்துருக்கு கவர்மெண்டு."

10.11 திங்கள்
103. இவர் கஞ்சி வைத்தார், உப்பில்லை.

கோடியை இவர்தான் கொடுத்தார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லையாம். சுகன்யா அப்போது உள்ளே இல்லையாம்; கர்ப்பிணி பிணம் பார்க்கக் கூடாதென்று பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்களாம், சாயங்காலம் அழைத்து வந்துவிட்டார்கள்.

செய்தது சரி. ஆயிரம் தடவை கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அழுகை நிற்கவில்லை. மூணு புதன் தள்ளிப்போட்ட எனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

12.11 புதன்
காய்ச்சல் விட்டது. இருமல் இருக்கிறது. என் வேலையைப் பக்கத்து ஊர் சிஸ்டர் பார்த்தார்.

16.11 ஞாயிறு
இருமலும் நின்றது. குமாருக்குப் போன் செய்தேன், வரட்டுமா என்று.

"அம்மா இப்ப வேணாங்கறாங்க சித்தி."
"சுகன்யா எப்படி இருக்கா?"
"நல்லாருக்கா. துக்கத்துக்கு வந்தவங்கள்ல ஏழெட்டுப் பேருக்குக் காய்ச்சல். மேலத் தெரு பெரியம்மாவ தஞ்சாவூருக்கே கொண்டு போயிட்டாங்க, மூச்சுத் திணறல். நீங்கதான் கொண்டாந்தீங்கன்னு பேச்சு."

நான் யாரையும் தொடவே இல்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? சொன்னேன். "தெரியும் சித்தி" என்றான்.

19.11 புதன்
வேலைக்குத் திரும்பிய பிறகு முதல் தடுப்பூசி நாள். பத்தரைக்கு குமார் பைக்கில் சுகன்யா. நான் எதிர்பார்க்கவில்லை.

"அத்தை அனுப்பினாங்களா?"
"மேலத் தெரு பெரியம்மாவ இன்னும் வீட்டுக்கு அனுப்பலியாம் சின்னத்தை. காலைல அத்தை கர்ப்பிணி அட்டைய எடுத்து என் கையில குடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

காய்ச்சல் பார்த்தேன், இல்லை. மூச்சு சத்தம் இல்லை. இடது கையில் போட்டேன். அரை மணி உட்கார வைத்தேன். பதிவேட்டில் ஏழாவது வரி நிரம்பியது. அக்காவைப் பற்றி அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

எனக்கும் போடச் சொல்லி டாக்டரம்மாவிடம் கை நீட்டினேன். கடுகடுவென்று வலித்தது, அவ்வளவுதான்.

21.11 வெள்ளி
வெயில். துணி காய்ந்தது. ரேஷனில் பருப்பு இல்லை.

மூன்று மணிக்கு போன். அக்கா நம்பர். குமார்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"சுகன்யாவுக்குக் கை வலி இல்ல."
"சரிக்கா."
"ஊரே பாக்க ரெண்டடி பின்னால போனே நீ. அத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"காய்ச்சல் விட்டுதா?"
"விட்டு ஒம்போது நாளாச்சு."
"இருமல்?"
"இல்ல."
"அப்ப வா."
"இன்னிக்கி வெள்ளிக்கெழமக்கா. துக்கத்துக்கு வரக் கூடாதுன்னு..."
"கெழம பாக்க நீ என்ன அசலா? எல்லார்கிட்டயும் அழுதாச்சு. உன்கிட்ட நான் இன்னும் அழலடி. வா."

ஸ்கூட்டியில் பெட்ரோல் இல்லை. நடந்தே போகிறேன்.