நான்காக வெட்டிய நாவல்

மார்ச் 3

நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலை இன்று தையல்காரர் நான்காக வெட்டிவிட்டார். என் அட்டையில் எடுத்தது! பதினான்கு நாள் கெடு, அதற்கு மேல் நீட்டிக்க மாட்டார்கள். எங்கள் கட்டடத்தில் படிக்க ஆசைப்பட்டவர்களோ நான்கு பேர். "தைக்கிறவன் நான் இருக்கேன், சேர்க்கறதுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்றார். நானும் தலையை ஆட்டினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

முதல் பங்கு நாலாம் மாடி டிரைவர் அண்ணனுக்கு. இரண்டாவது தையல்காரருக்கு. கடைசி எனக்கு. படித்து முடித்து மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். மனிதர் குனிந்து பொத்தான் தேட ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 4

மூன்றாவது அக்காவிடம்! என் கூடப் பிறந்தவ, இதே கட்டடத்துல முதல் மாடி, நாலு மாசமா பேச்சில்ல. தப்பு யார் மேல? நான் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறேன். அவ வேற கடையில கண்ணாடி வாங்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறா. ஆந்தை மாதிரி இருக்குன்னு சொன்னேன். பத்துப் பேர் முன்னாடி சொன்னேன் — சரி, அது தப்புதான். ஆனா அவ செஞ்சது அதவிடப் பெரிய தப்பு.

மார்ச் 6

என் பங்கை முடித்தேன். ஒரு விடுதி, அதன் சமையல்காரர் படுத்த படுக்கை. தங்கியிருப்பவர்கள் முறை வைத்து ஊட்டுகிறார்கள். வாயைத் திறந்தால் பொய் சொல்லும் குமாஸ்தாகூட அழுகிறான். கடைசிப் பக்கத்தில் சமையல்காரர் இறந்துபோகிறார். கடையிலேயே தேம்பித் தேம்பி அழுதேன். கண் பரிசோதனை முடிந்து உட்கார்ந்திருந்த பெரியவர், "எனக்கு அவ்வளவு மோசமாம்மா?" என்று பயந்துவிட்டார்.

மார்ச் 7

டிரைவர் அண்ணன் சீறுகிறார். "அந்தத் திருட்டுச் சமையல்காரனுக்கா அழுத? எல்லார் கடிகாரத்தையும் அடிச்சவன் அவன்தாம்மா! போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்."

தையல்காரர் படித்த பங்கில் அதே ஆள் மோதிரம் திருடுகிறாராம். பிறகு எப்படி ஊட்டிவிட்டார்கள்? நடுவில் தீயில் குதித்து யாரையாவது காப்பாற்றியிருப்பார். வேறென்ன?

அந்த நடு, அக்காவிடம் இருக்கிறது.

மார்ச் 9

தையல்காரரைத் தூது அனுப்பினேன். பதில்: "வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்." எனக்கென்ன தலையெழுத்தா? போக மாட்டேன்.

மார்ச் 10

போகவே மாட்டேன்.

மார்ச் 11

போனேன்.

கதவைத் திறந்தவள் கையில் தாள்கட்டு. நான் வாயெடுக்குமுன், "சமையல்காரன் பொழைச்சானா?" என்றாள்.

"அவனை ஏன் மன்னிச்சாங்க? முதல்ல நீ சொல்லு."

"நீ சொல்லு."

"நீ."

வழக்கம்போல இளையவளான நான்தான் தோற்றேன். "செத்துட்டான்," என்றேன். அக்கா செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பெருசா ஒண்ணும் நடக்கல. திருட்டு வெளிய வந்துச்சு. ஆளாளுக்கு வாயில வந்தபடி திட்டினாங்க. மறுநாள் பசிச்சுது. அவன் சமைச்சான், எல்லாரும் உக்காந்து சாப்பிட்டாங்க."

"அவ்வளவுதானா? மன்னிப்புக் கேக்கலையா?"

"யாரும் யாரையும் கேக்கல."

அழுததில் அவள் கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "குடு, திருகாணி லூஸா இருக்கு," என்றேன். கழற்றிக் கொடுத்தாள். இவள் இல்லாத நாலு மாதமும் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17

தையல்காரர் தைத்துவிட்டார். இரட்டைத் தையல், யானை இழுத்தாலும் பிரியாது. ஆனால் நான்காம் பங்கை மூன்றுக்கு முன்னால் வைத்துவிட்டார். சமையல்காரர் செத்த பிறகு மாட்டிக்கொள்கிறார், திட்டு வாங்குகிறார், மறுநாள் சமைக்கிறார். நூலகத்து அம்மா என்னைப் பார்த்த பார்வை! நால்வரும் சேர்ந்து புதுப் பிரதி வாங்கிக் கொடுத்துத் தப்பித்தோம்.

டிரைவர் அண்ணனுக்கு மட்டும் பரம திருப்தி. "இப்பத்தான் முடிவு நல்லா இருக்கு."

மார்ச் 20

அடுத்த நாவல் வந்தது. தையல்காரர் கத்தரியோடு தயார். அக்கா பிடுங்கிக்கொண்டாள்: "வெட்ட வேணாம். நானும் அவளும் சேர்ந்தே படிச்சுக்கறோம்."

மூன்றாம் பக்கத்திலேயே சண்டை. நான் முடிப்பதற்குள் புரட்டுகிறாள். கோபித்துக்கொண்டு கீழே போய்விட்டாள். புத்தகம் என் கட்டிலில் கிடக்கிறது. "நாளைக்கு ஆறு மணிக்கு வருவேன், அதுக்குள்ள ஒரு வரி படிச்சேன்னு வை, தெரியும் சேதி" என்று மாடிப்படியிலிருந்து கத்திவிட்டுத்தான் போனாள்.

ஒரு வரிகூடப் படிக்கவில்லை.